மூன்று சமன்பாடுகளுக்கு முன்னால் ஒரு கோடு

சீரான முடுக்க இயக்கம், அதாவது திசைவேகம் ஒரே சீராக மாறும் இயக்கம், என்றதும் ‘வி ஈக்வல் டு யூ பிளஸ் ஏ டி’ (v = u + at: v கடைசி வேகம், u முதல் வேகம், a முடுக்கம், t நேரம்) என்று ஆரம்பித்து மூன்று சமன்பாடுகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர்கள் நிறைய. கணக்கைக் கையில் கொடுத்தால்தான் எதில் எதைப் போடுவது என்று திணறுவார்கள். நான் படித்தபோதும் சரி, பிறகு கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோதும் சரி, இந்தப் பாடத்தைத் திறந்துவிட்டது திசைவேகம் - நேரம் வரைபடம்தான். ஆனால் பலர் அதைக் கடைசியில் வரும் இரண்டு மதிப்பெண் கேள்வியாக நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள்.

கிடையாக நேரம், செங்குத்தாகத் திசைவேகம். ஒவ்வொரு வினாடியும் திசைவேகம் ஒரே அளவு மாறினால் கிடைப்பது ஒரு நேர்கோடு. கோட்டின் சாய்வு முடுக்கம். கோட்டுக்குக் கீழே அடைபடும் பரப்பு இடப்பெயர்ச்சி. இவ்வளவுதான் பாடம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போகும் ஒரு வண்டி, ஒவ்வொரு வினாடியும் 2 மீட்டர்/வினாடி கூடிக்கொண்டே 6 வினாடி ஓடுகிறது. கடைசி வேகம் 4 + 12 = 16. இதுதான் முதல் சமன்பாடு. இப்போது கோட்டுக்குக் கீழே பாருங்கள். அடியில் ஒரு செவ்வகம்: 4 × 6 = 24. அதன் மேல் ஒரு முக்கோணம்: 6 × 12-இல் பாதி, 36. மொத்தம் 60 மீட்டர். இரண்டாவது சமன்பாட்டில் (s = ut + ½at², s என்பது இடப்பெயர்ச்சி) வரும் இரண்டு உறுப்புகளும் இந்தச் செவ்வகமும் முக்கோணமும்தான். அந்த ‘அரை’ எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது சமன்பாடு (v² = u² + 2as), முதல் இரண்டிலிருந்தும் நேரத்தை நீக்கினால் கிடைப்பது. கேள்வியில் நேரமே இல்லையென்றால் அதை எடுங்கள்.

இதையே இன்னும் சுருக்கமாகவும் போடலாம். முதல் வேகம் 4, கடைசி வேகம் 16, சராசரி 10. பத்தை ஆறால் பெருக்கினால் அதே 60. எனக்குப் பிடித்த வழி இதுதான், பாதிக் கணக்குகள் மனக்கணக்காகவே முடிந்துவிடும். ஆனால் முடுக்கம் சீராக இருந்தால் மட்டுமே இப்படிக் கூட்டி இரண்டால் வகுக்கலாம்.

‘ஐந்தாவது வினாடியில் கடந்த தூரம்’ என்று கேட்பதற்குத் தனிச் சூத்திரம் ஒன்றை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தேவையில்லை. ஐந்தாவது வினாடி என்பது 4-இலிருந்து 5 வரை. அதன் நடுவில், அதாவது 4.5 வினாடியில், நம் வண்டியின் வேகம் 4 + 9 = 13. அந்த ஒரு வினாடிக்கு அதுதான் சராசரி, ஆகவே தூரம் 13 மீட்டர்.

கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் சொன்னதும் இதையொட்டியதுதான். ஓய்விலிருந்து கிளம்பிய பொருள் அடுத்தடுத்த சம நேர இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இருக்கும். நேராக விழும் பொருளை அன்றைய கருவிகளால் அளப்பது கடினம் என்பதால், சாய்தளத்தில் குண்டை உருட்டி, பாத்திரத்திலிருந்து வடியும் நீரை எடைபோட்டு நேரத்தைக் கணித்தார். வரைபடத்தில் முதல் வினாடியில் ஒரு சிறிய முக்கோணம் வரும். இரண்டாவது வினாடியின் பட்டையில் அதே அளவு முக்கோணம் மூன்று அடங்கும், அடுத்ததில் ஐந்து. ஒரு தாளில் வரைந்து எண்ணிப் பாருங்கள்.

அப்புறம், குறி. மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். கணக்கை ஆரம்பிக்கும்போதே எந்தத் திசை நேர்க்குறி என்று ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு, முடியும்வரை அதை மாற்றாதீர்கள். மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, அப்போது முடுக்கமும் பூஜ்யம்தானே என்று பலர் எழுதுவார்கள். மேல்திசையை நேர்க்குறியாக வைத்துக் கோட்டைப் பாருங்கள்: பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே இறங்குகிறது, எங்கும் மடங்கவில்லை. சாய்வு உச்சியிலும் அதேதான். எதிர்க்குறி முடுக்கம் என்றால் வேகம் குறையும் என்பதும் பாதி உண்மைதான். இறங்கும்போதும் அதே எதிர்க்குறிதான், வேகமோ கூடுகிறது.

15 மீட்டர் உயர மாடியிலிருந்து 10 மீட்டர்/வினாடி வேகத்தில் மேல்நோக்கி ஒரு பந்தை எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்தால், தரையைத் தொடும் நேரத்துக்கு 3, −1 என்று இரண்டு விடைகள் வரும். −1-ஐ அடித்துவிட்டுப் போவது தேர்வுக்குப் போதும். ஆனால் அது வெறும் குப்பை இல்லை. நாம் எறிவதற்கு 1 வினாடி முன்பு தரையிலிருந்து 20 மீட்டர்/வினாடி வேகத்தில் கிளம்பிய பந்தும் மாடியை இதே வேகத்தில்தான் கடந்திருக்கும். சமன்பாட்டுக்கு எறிந்தவர் யார் என்று தெரியாது!

பிரேக் கணக்குகளில் சமன்பாடு நம்மை ஏமாற்றவே செய்யும். மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது 3.6-ஆல் வகுத்தால் வினாடிக்கு 20 மீட்டர். பிரேக் வேகத்தை வினாடிக்கு 4 வீதம் குறைக்கிறது. 8 வினாடியில் எவ்வளவு தூரம்? கண்ணை மூடிக்கொண்டு எண்களைப் போட்டால் 160 − 128 = 32 மீட்டர் வரும். உண்மையில் வண்டி 5 வினாடியிலேயே, 50 மீட்டரில் நின்றுவிட்டது. 32 என்பது, நின்ற வண்டி பின்னோக்கிக் கிளம்பியதாக எடுத்துக்கொண்டு சமன்பாடு சொன்ன விடை. பிரேக் என்ற சொல்லைப் பார்த்தாலே, முதலில் நிற்கும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். அதே வண்டி 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் 12.5 மீட்டரில் நின்றிருக்கும். வேகம் பாதியானால் தூரம் கால் பங்கு.

காற்றின் தடையோடு விழும் மழைத்துளி போல முடுக்கமே மாறிக்கொண்டிருக்கும் கணக்கு வந்தால் மூன்று சமன்பாடுகளும் செல்லாது. கோடு வளைந்துவிடும். ஆனால் சாய்வு முடுக்கம், பரப்பு இடப்பெயர்ச்சி என்பது அங்கேயும் மாறாது. மேல்வகுப்பில் வகையீடும் தொகையீடும் வரும்போது, வளைந்த கோட்டில் செய்யப்போவது இதே வேலைதான்.