அழிச்சாலும் அழியாத சுவர் ஓவியம்

அமெரிக்க ஓவியர் சோல் லெவிட்டோட சுவர் ஓவியங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1968ல நியூயார்க்ல பவுலா கூப்பர் கேலரி சுவத்துலயே நேரடியா பென்சில்ல கோடு போட்டு ஆரம்பிச்சாரு, அப்புறம் அவர் எழுதிக் குடுத்த குறிப்ப வச்சுகிட்டு வேற ஆளுங்க வரைய ஆரம்பிச்சாங்க, கண்காட்சி முடிஞ்சா மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிடுவாங்க, ஆனா படைப்பு போயிடாது, ஏன்னா அது இருக்கிறது சுவத்துல இல்ல, அந்தக் குறிப்புல. வாங்குறவங்க கைக்கு வர்றது ஒரு சான்றிதழும் வரைபடமும்தான்! ஸ்வரம் எழுதி வச்ச பாட்டு மாதிரி, யார் பாடினாலும் அதே பாட்டு, ஆனா குரலுக்குக் குரல் கொஞ்சம் மாறும்ல.

ஐடியாதான் கலைய உருவாக்குற மெஷின்னு 1967லயே ஆர்ட்ஃபோரம் பத்திரிகைல எழுதிட்டாரு மனுஷன். (இன்னொரு அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கொசூத் 1965ல ஒரு நாற்காலி, அதோட போட்டோ, அகராதி விளக்கம் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சதும் பொருள விட யோசனைதான் முக்கியம்ங்கிற இதே ரூட்டுதான்.)

இதுல கைத்திறமை எங்கன்னு கேக்குறாங்க, எனக்கு அது சரியான கேள்வியாவே தோணல, இன்னொருத்தர் கையில குடுத்தாலும் உடையாத மாதிரி ஒரு யோசனைய செதுக்குறது சாதாரண வேலையா என்ன? லெவிட் 2007ல இறந்துட்டாரு, அடுத்த வருஷம் அமெரிக்காவுல இருக்கிற மாஸ் மோகா மியூசியத்துல அவரோட 105 சுவர் ஓவியங்கள டீமா சேர்ந்து வரைஞ்சு திறந்தாங்க, 2043 வரைக்கும் அங்க பார்க்கலாம்.