பழைய தையலும் புது வலியும்

எங்கள் லேபர் வார்டில் சில கேஸ் ஷீட்டுகளின் தலையில் சிவப்பு மையில் 'பிரீவியஸ் எல்.எஸ்.சி.எஸ்.' என்று எழுதியிருக்கும். முன்பு சிசேரியன் ஆனவர் என்று அர்த்தம். டியூட்டி மாறும்போது அதைப் பார்த்தவுடன் கேட்பது ஒரே கேள்வி: "எலெக்டிவா, ட்ரையலா?" நாள் குறித்து ஆபரேஷனா, சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கிறோமா என்று. ட்ரையல் என்றால் அந்த ஷிஃப்ட் முழுக்க ஒரு நர்ஸ் அந்தக் கட்டிலோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் பல வருஷமாக அந்த நர்ஸ் பெரும்பாலும் நான்தான்.

"முதல்ல ஆபரேஷன்னா ரெண்டாவதும் ஆபரேஷன்தான்" என்பதை நம் ஊரில் வேதவாக்காகச் சொல்வார்கள். இதை முதலில் சொன்னவர் எட்வின் கிராகின் என்ற நியூயார்க் மருத்துவர், 1916-ல். அன்றைக்குக் கர்ப்பப்பையின் தடித்த மேல்பகுதியில் நெடுக்காக வெட்டுவார்கள். அந்தத் தழும்பு அடுத்த பிரசவ வலியில் பிரிந்துவிடும் பயம் நிஜமானது. அவரும்கூட, முதல் ஆபரேஷனையே நன்றாக யோசித்துச் செய்யுங்கள் என்று எச்சரிக்கத்தான் அப்படிச் சொன்னார். 1920-களில் கிளாஸ்கோவின் மன்றோ கெர் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார். இன்று நடப்பது பெரும்பாலும் அதுதான். வெட்டுகிற இடம் மாறி நூறு வருஷம் ஆகப்போகிறது. மாமியார்களும், சொல்லப்போனால் சில டாக்டர்களும், இன்னும் 1916-லேயே நிற்கிறார்கள்.

கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு குறுக்கு வெட்டு உள்ளவர்கள் முயன்றால், நூறில் 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஏற்கெனவே ஒரு குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற்றவர் என்றால் 85-லிருந்து 90 வரை போகும். தானாக வலி வந்தவர்களில் தழும்பு பிரிவது ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்கு. ஆனால் அந்த ஒருவருக்குப் பிரிந்தால் குழந்தையைச் சில நிமிடங்களில் வெளியே எடுத்தாக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம், குழந்தை டாக்டர் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து இவர்களை எங்களைப் போன்ற சீமாங் மையங்களுக்கு, அதாவது அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையங்களுக்கு, அனுப்புவது அதனால்தான். மயக்க டாக்டரைப் போன் போட்டு வரவழைக்கும் சின்ன நர்சிங் ஹோம் நாள் குறித்து ஆபரேஷன் செய்தால் அதைப் பேராசை என்று மட்டும் திட்ட என்னால் முடியாது. ஆளில்லாத இடத்தில் ட்ரையல் நடத்துவதை விட அது மேல்.

யாருக்கு ட்ரையல் என்று முடிவெடுப்பது டாக்டர். அதற்கு அவர் கேட்பது பழைய டிஸ்சார்ஜ் சம்மரி. அதுதான் கிடைக்காது. "எதுக்கும்மா போன தடவை ஆபரேஷன்?" என்றால் மூன்று பதில்கள் வரும்: கொடி சுத்தியிருந்தது, தண்ணி வத்திப்போச்சு, குழந்தை உள்ளேயே மோஷன் போயிருச்சு. உண்மையான காரணம் சீட்டில் வேறாக இருக்கும். குழந்தை பிட்டம் கீழாக உட்கார்ந்திருந்ததால் போன முறை வெட்டியிருந்தால் இந்த முறை நம்பிக்கை அதிகம். கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்தும் தலை இறங்காமல் வெட்டியிருந்தால் நம்பிக்கை குறைவு. வெளித்தோலில் குறுக்குத் தையல் தெரிவதை வைத்து உள்ளேயும் குறுக்குத்தான் என்று சொல்லிவிட முடியாது. குறைமாதத்திலோ குழந்தை குறுக்கே கிடக்கும்போதோ சில சமயம் உள்ளே நெடுக்காக வெட்டியிருப்பார்கள். அவர்களுக்கு ட்ரையலே கிடையாது. இதையெல்லாம் அந்த ஒரு தாள்தான் சொல்லும். வீட்டில் ரேஷன் கார்டைப் பீரோவில் பூட்டி வைப்பவர்கள் அதை மட்டும் குழந்தை கிழிக்கக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு பெண் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். முதல் பையன் பிட்டம் கீழே, மூன்று வயதாகிறது. சாயங்காலம் தானாக வலி எடுத்து வந்தாள், இரண்டு விரல் திறந்திருந்தது. ட்ரையல் என்று முடிவானதும் மாமியார் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தையல் பிரிஞ்சிட்டா யாரும்மா பொறுப்பு? அதுவும் நாளைக்கு அஷ்டமி. இன்னிக்கே எடுத்துடச் சொல்லேன்." கையெழுத்துப் போடும்போது கணவர் அம்மா முகத்தையும் மனைவி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ட்ரையல் என்றால் காத்திருப்பது. ஆனால் சும்மா இருக்க முடியாது. கையில் ஊசி ஏற்றி, ரத்தம் பொருத்தம் பார்த்து வைத்தாயிற்று. குழந்தையின் துடிப்பைப் பதிவு செய்யும் சிடிஜி பெல்ட்டைக் கழற்றுவதில்லை. தழும்பு பிரிகிறது என்றால் பெரும்பாலும் முதலில் குழந்தையின் இதயத் துடிப்புதான் காட்டிக்கொடுக்கும். தாயின் நாடி ஏறுகிறதா, சிறுநீரில் ரத்தம் கலக்கிறதா, இறங்கிய தலை திடீரென மேலே போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் துணைக்கு இருந்த அவளுடைய அம்மா, "சீக்கிரம் ஆக ஒரு ஊசி போடேன் சிஸ்டர்" என்றார். தழும்பு உள்ள கர்ப்பப்பையில் அவசரம் கூடாது. வலி வரவைக்கும் மருந்துகளில் சிலவற்றை இவர்களுக்குத் தொடவே மாட்டோம்.

"தையல் இழுக்குதுக்கா" என்று அவள் அடிவயிற்றைப் பிடித்தாள்.

"வலி விட்ட நேரத்துலயும் இழுக்குதா?"

"விட்டா போயிடுது."

அதுதான் எனக்கு வேண்டிய பதில். வலி விட்ட பிறகும் தழும்பு வலித்துக்கொண்டே இருந்தால் உடனே டாக்டரை எழுப்ப வேண்டும். ஒவ்வொரு வலிக்கும் இதையே கேட்டேன். கடைசியில் "இதையே எத்தனை தடவைக்கா கேப்பீங்க" என்று எரிந்து விழுந்தாள். விடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது, 2.9 கிலோ. அஷ்டமி பிறந்துவிட்டதா என்று நாங்கள் யாரும் காலண்டர் பார்க்கவில்லை.

எல்லாம் இப்படி முடிவதில்லை. இன்னொரு பெண்ணுக்குப் பாதி திறந்த நிலையில் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. உடனே தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம். திறந்து பார்த்தால் தழும்பு காகிதமாக மெலிந்து, குழந்தையின் முடி வெளியே தெரிந்ததாம். குழந்தை அழுதது, தாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவள் கணவர், "மொதல்லயே வெட்டியிருக்கலாமே, ராத்திரி பூரா கத்த விட்டீங்களே" என்றார். அவர் கோபம் நியாயம்தான். நீண்ட வலிக்குப் பிறகு நடக்கும் அவசர ஆபரேஷனில் ரத்தப்போக்கும் தொற்றும் நாள் குறித்துச் செய்வதை விட அதிகம். நாலில் ஒருவருக்கு வலி, கத்தி இரண்டும் உண்டு என்று இப்போதெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு ஆபரேஷனே போதும் என்பவளை நான் மல்லுக்கட்டி மாற்றுவதில்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நாடு முழுவதற்கும் 21.5. அதனால் இந்தச் சிவப்பு மை இனி குறையப் போவதில்லை. ஆபரேஷன் கூடக்கூட அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் வேரோடும் ஆபத்து ஏறும் என்பது சுகப்பிரசவத்துக்குச் சாதகமான பெரிய வாதம். ஆனால் அதே ஆய்வில் நம் பெண்களின் சராசரிக் குழந்தைகள் 1.8. இரண்டோடு நிறுத்துகிறவளுக்கு மூன்றாவது கர்ப்பத்தின் ஆபத்தைச் சொல்லிப் பயன் என்ன? "ரெண்டாவதை எடுக்கும்போதே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாம், ஒரே வெட்டு" என்பதுதான் இங்கே ஆபரேஷன் பக்கம் சாய்க்கும் கணக்கு. டாக்டர்கள் பேசுகிற சதவீதங்களில் இது வராது. வராந்தாவில் இதுதான் ஓடும்.

அஷ்டமிக்காரப் பெண்ணின் மாமியாரும் மறுநாள் அதைத்தான் கேட்டார். "வெட்டாமலே பொறந்துடுச்சு, சரி. அப்போ கட்டுப்பாட்டுக்குத் தனியா வெட்டணுமா?" ஒரு வாரத்துக்குள் தொப்புளுக்குக் கீழே சின்ன வெட்டில் முடிந்துவிடும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மருமகள் தானே எழுந்து நடந்து வந்து, "எனக்கு இப்போ வேண்டாம்க்கா, காப்பர் டி போட்டுக்கறேன்" என்றாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அவர்கள் வீட்டுப் பேச்சு. நான் ஆறாம் வாரம் வரச்சொல்லி சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.