அம்மாவின் சைக்கிளும் மகளின் பைபாஸும்

அம்மா சைக்கிள் கற்றது 1992-ல். புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் நடந்த நேரம் அது. எழுத்துக் கற்க வந்த பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று செய்த வேலை. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் நிறையப் பேர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அம்மாவும் அப்படித்தான். முன்பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து ஒன்றாம் வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவார். பார் குத்தும். ஆனாலும் இறங்க மனசு வராது.

இப்போது என் மகள் பதினொன்றாம் வகுப்பு. அரசு கொடுத்த சைக்கிளில் போகிறாள். பள்ளிக்கூடம் 4 கிலோமீட்டர். அந்தத் தூரம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பயமெல்லாம் பைபாஸைக் கடக்கிற அந்த ஒரு இடத்தில்தான். லாரிகள் வேகம் குறையாமல் வரும். வேகத்தடை கிடையாது. தார் முடிகிற விளிம்பில் அரை அடிக்குப் பள்ளம். பஸ்ஸுக்கு ஒதுங்கினால் சக்கரம் அதில் இறங்கிவிடும். போன கார்த்திகையில் அப்படி விழுந்துதான் முழங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்தாள். அன்று இரவு நான் தூங்கவில்லை.

அவளைக் காப்பாற்றுவது கூட்டுதான். ஆறு பிள்ளைகள் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து சேர்ந்தே போகிறார்கள். முக்கில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ரோட்டில் இறங்கிக் கைகாட்டி வண்டிகளை நிறுத்துவார். யாரும் அவரிடம் சொல்லிச் செய்வதில்லை. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் அன்று அவர் கடை லேட்டாகத்தான் திறக்கும். அன்றைக்கு நான் போய் நிற்கிறேன்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. கட்டாயக் கல்வி விதிகளின்படி எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். எங்கள் ஊரிலேயே இருக்கிறது, சரி. ஒன்பதாவதுக்கு வெளியூர் போக வேண்டும். சைக்கிளோ பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது. நடுவில் உள்ள இரண்டு வருஷமும் என் மகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாள், பஸ்ஸைத் தவறவிட்டால் நடந்தாள். பீகாரில் 2006-லிருந்து ஒன்பதாம் வகுப்பு சேரும் பெண் பிள்ளைகளுக்கே சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கிறார்கள். இங்கேயும் ஒன்பதாவதிலேயே கொடுக்க வேண்டும்.

அடுத்த கிராம சபையில் இரண்டையும் கேட்கப் போகிறேன்: முக்கில் வேகத்தடை, ரோட்டோரப் பள்ளத்துக்குக் கிராவல் மண். மனுவை மகள்தான் எழுதினாள். அறிவொளியில் கற்ற எழுத்தில் முதல் கையெழுத்தை அம்மா போட்டிருக்கிறார்.