டே ஜீரோவுக்கு அப்புறம்

மும்பையில் எலும்பு மஜ்ஜை மாற்று வார்டில் நர்சாக இருக்கிறேன். போன வருடம் தாராவியிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். ரத்தப் புற்றுநோய். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தமிழ் பேசுகிற சிஸ்டர் என்பதால் அவனுடைய அம்மா எதையும் என்னிடம்தான் கேட்பார்.

கீமோ கொடுத்து அவனுடைய மஜ்ஜையைக் காலி செய்திருந்தோம். அப்புறம் டே ஜீரோ, அதாவது புது மஜ்ஜை ஏற்றுகிற நாள். அவன் அக்காவின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜை, ரத்தப் பை மாதிரியே ஒரு பையில் வந்தது. சென்ட்ரல் லைனில், அதாவது பெரிய ரத்தநாளத்துக்குள் போட்டிருந்த குழாயில் ஏற்றினோம்.

"இவ்ளோதானா சிஸ்டர்? ஆபரேஷன் இல்லையா?"

இல்லை. ரத்தத்தில் விட்டால் போதும், ஸ்டெம் செல்கள் தாமாகவே எலும்புக்குள் இடம் தேடிப் போய்விடும். எத்தனை முறை பார்த்தாலும் இது எனக்குப் பழகவில்லை. பையில் அவை சிறு பங்குதான். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் இனி அவற்றிலிருந்தே பிறக்க வேண்டும். "புதுசா ஏதும் சோதிச்சுப் பாக்காங்களோ?" என்று அம்மா பயந்தார். 1983-லேயே இதே ஊரில், டாடா மெமோரியல் மருத்துவமனையில் செய்தார்கள் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

கீமோவால் அவனுக்கு வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ரத்த அணுக்களின் எண்ணிக்கையைத்தான் கவுண்ட் என்போம். தினமும் காலையில் அம்மா, "கவுண்ட் ஏறிச்சா சிஸ்டர்?" பதினெட்டாம் நாள், கிருமியோடு முதலில் மோதுகிற வெள்ளையணுவான நியூட்ரோஃபில் 500-ஐத் தாண்டி, அடுத்தடுத்த நாளும் நின்றது. புது மஜ்ஜை பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அம்மா அழுதுவிட்டார்.

நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் நியூட்ரோஃபில்தான் முதலில் வரும். கிருமியை அடையாளம் கண்டு தாக்கும் டி செல்கள், நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பாடம் படித்து வெளியே வர ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை அழுத்திச் சொல்லாமலே ஒரு சிறுமியை அனுப்பினோம். கல்யாண வீட்டுக்குப் போய், அம்மையோடு திரும்பி வந்தாள். பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து, டே ஜீரோவுக்கு முன்னாலேயே வீட்டாரை உட்கார வைத்து நானே சொல்லிவிடுகிறேன்: கவுண்ட் ஏறினாலும் கூட்டத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள், காய்ச்சல் என்றால் ராத்திரியானாலும் ஓடி வாருங்கள்.

ஏழாவது மாதம் மருத்துவர் தடுப்பூசி எழுதிக் கொடுத்தார். அம்மா மஞ்சளடித்துப்போன பழைய அட்டையை எடுத்து நீட்டினார், ஒரு கட்டம் விடாமல் நிரம்பியிருந்தது.

"எல்லாம் போட்டாச்சே சிஸ்டர்?"

"அக்கா, அதையெல்லாம் ஞாபகம் வச்சிருந்த செல்லு பழைய மஜ்ஜையோட போயிருச்சு. கைக்குழந்தை மாதிரி முதல்லேர்ந்து போடணும். தட்டம்மை ஊசி மட்டும் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு புது அட்டையை வாங்கி, அவன் பெயரைத் தானே எழுதினார்.