மாட்டைக் கட்டியாச்சா

ஜூலை 9, செவ்வாய்

மூணு மணிக்கு அம்மா மறுபடி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "மாட்டைக் கட்டியாச்சாடி?" கட்டியாச்சும்மா, படு என்றேன். படுத்தாள், ஆனால் கண் மூடவில்லை. மேலே யாரோ சுற்றிச் சுற்றி வருகிறார்களாம். ஃபேனுக்குக் கீழே சுவரில் ஜீரோ வாட்ஸ் பல்பு, அதனால் இறக்கைகளின் நிழல் கூரை முழுக்கச் சுற்றுகிறது. அணைத்துவிட்டால் வாக்கர் எங்கே என்று தேடி, நான் விழிப்பதற்குள் இறங்கிவிடுவாள். இன்னொரு முறை விழுந்தால் ஆபரேஷன் ஆன அந்த இடுப்பு தாங்காது.

ஜூலை 10

தம்பி போன் பண்ணினான், கடையில் நைட் லேம்ப் வாங்கிடு அக்கா என்கிறான். பார்த்ததெல்லாம் பளீர் வெள்ளை. அதில் நீல ஒளி அதிகம், மூளைக்கு விடிந்துவிட்டது என்று சொல்கிற ஒளி அதுதான். ஏற்கெனவே இரவும் பகலும் குழம்பிக் கிடப்பவளுக்கு அது வேண்டாம். மஞ்சளாக, தரையில் மட்டும் விழுகிற மாதிரி, கூரைக்குத் துளியும் போகாமல் வேண்டும். நானே செய்யப்போகிறேன்.

ஜூலை 12

தூக்கமில்லை. பிசியோவும் வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

காலி பால்பவுடர் டின்னில் தண்ணீர் ஊற்றி ராத்திரியே ஃப்ரீசரில் வைத்திருந்தேன். உள்ளே ஐஸ் இருந்தால் ஆணி அடிக்கும்போது டின் நசுங்காது. அம்மாவின் கோல நோட்டிலிருந்து இடைப்புள்ளி 7, 4 வரை (நடு வரிசையில் 7, இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 4), அதை டின்னின் கீழ்ப்பாதியில் ஒட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் ஆணி. மேல்பாதியில் ஓட்டையே கிடையாது, மூடியும் இறுக்கம். துளையின் உள்விளிம்பு கையைக் கிழிக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பாதி செத்துப்போன தீபாவளி சீரியல் செட்டிலிருந்து மஞ்சள் எல்.இ.டி. ஒன்றை வெட்டி எடுத்தேன், பழுதான ரேடியோவிலிருந்து பழுப்பு-பச்சை-பழுப்பு கோடு போட்ட 150 ஓம் ரெசிஸ்டர். பழைய போன் சார்ஜர் தருவது 5 வோல்ட். எல்.இ.டி. 2 எடுத்துக்கொள்ளும், மீதி 3 ரெசிஸ்டருக்கு, 20 மில்லி ஆம்பியர்தான் ஓடும், சூடே ஆகாது. சீரியல் செட்டை அப்படியே டின்னுக்குள் திணிக்கலாமே என்றான் தம்பி. 230 வோல்ட்டை இரும்பு டப்பாவுக்குள், அதுவும் அம்மா கை படுகிற இடத்தில், மாட்டவே மாட்டேன். ஒயர் நுழையும் ஓட்டைக்குப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வளையம் போட்டேன்.

ஜூலை 15

தரையில் விழுந்த வெளிச்சப் புள்ளிகளைக் காட்டி எறும்பு எறும்பு என்று காலை மேலே இழுத்துக்கொண்டாள். கையைப் பிடித்தால் நடுங்குகிறது. என்ன சொல்லியும் கேட்கவில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு. டாக்டர் ஆபரேஷனுக்கு முன்பே சொன்னார், வயதானவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும், பெரும்பாலும் சரியாகிவிடும் என்று. பெரும்பாலும் என்றால் என்ன அர்த்தம்? சாயங்காலம் ஆனாலே எனக்கு வயிறு கலங்குகிறது. கண்ணாடியை மாட்டிவிடுகிறேன், கடிகாரத்தைத் தெரிகிற மாதிரி வைக்கிறேன், கிழமை சொல்கிறேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா என்கிறாள்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தாச்சு. கல்யாணப் பத்திரிகைகளில் உள்ளே ஒரு பட்டர் பேப்பர் வருமே, அதை இரண்டு மடிப்பாக டின்னுக்குள் சுற்றினேன். புள்ளி புள்ளியாகச் சிதறாமல் தரை முழுக்க ஒரே மஞ்சள். டின்னைப் பார்த்தால்தான் கோலம். வாக்கர் கால் தட்டாத மூலையில் வைத்து, ஒயரைச் சுவரோரமாக டேப் போட்டு ஒட்டியாச்சு. ஜீரோ வாட்ஸை அணைத்தேன், ஃபேன் நிழல் போயே போச்சு. பெயர்தான் ஜீரோ, 15 வாட்ஸ் இழுக்கும் அது.

ஜூலை 19

ராத்திரி ஒரே ஒரு தடவை. மாடு.

ஜூலை 20, சனி

மத்தியானம் டின்னை மடியில் வைத்து விரலால் தடவித் தடவி எண்ணினாள். "முப்பத்தாறுதான்டி இருக்கு. முப்பத்தேழு வரணும்." நானும் எண்ணினேன். வலது ஓரத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. தம்பிக்கு உடனே போன் பண்ணிச் சொன்னேன், அவனுக்கு ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை.

ஜூலை 21

பாத்ரூம் வாசலுக்கும் ஒன்று வேண்டும். கீழ்வீட்டு அக்கா நெய் டின் தருகிறேன் என்றார். அதில் நேர்ப்புள்ளி போடு என்கிறாள் அம்மா.