ஹோல் உள்ள போகவே இல்ல: ஒரு லேப் நாட்குறிப்பு

ஜூன் 2

என்பிபிங்கிற ஆர்கானிக் குறைகடத்தியில செஞ்ச ஹோல்-ஒன்லி டிவைஸோட (எலக்ட்ரான் இல்லாத காலியிடமான ஹோல் மட்டும் பிளஸ் சார்ஜா ஓடுறது) கரண்ட்-வோல்டேஜ் கர்வ் இன்னைக்கு எடுத்தாச்சு. கீழ ஐடிஓ (கண்ணாடி மேல பூசுன, ஒளி ஊடுருவுற எலக்ட்ரோடு), அதுமேல 200 நானோமீட்டர் என்பிபி, மேல அலுமினியம். அலுமினியத்துல இருந்து எலக்ட்ரான் உள்ள ஏற வேண்டிய தடை ரொம்ப உயரம், அதனால ஓடுறது முழுக்க ஹோல்தான். லாக்-லாக்ல (ரெண்டு அச்சும் மடக்கை அளவுல) போட்டா கீழ ஸ்லோப் 1, மேல போகப்போக 2, மாட்-கர்னி விதி (படலத்துக்குள்ள இருக்குற சார்ஜே கரண்டைக் கட்டுப்படுத்தும்போது கரண்ட் வோல்டேஜோட வர்க்கமா ஏறும்கிறது) சொல்ற மாதிரியே. பாத்ததும் மனசு நெறஞ்சிருச்சு. ஃபிட் பண்ணி மொபிலிட்டி (ஃபீல்டு தள்ளும்போது ஹோல் எவ்வளவு வேகமா நகருதுங்கிறது) 3 பெருக்கல் 10-ன் மைனஸ் 6 (சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-வினாடி) னு நோட்டுல எழுதிட்டேன். சிமுலேஷன் பண்றவர் ரெண்டு வாரமா கேட்டுக்கிட்டே இருந்தாரு, அவருக்கும் அனுப்பிட்டேன்.

ஜூன் 4

ராத்திரி தூக்கம் வரல. என்பிபிக்கு எல்லாரும் அளந்து சொல்றது 10-ன் மைனஸ் 4-ல இருந்து மைனஸ் 3 வரைக்கும், என்னோடது அதுல முப்பதுல ஒரு பங்குகூட இல்ல. திருப்பிக் கணக்குப் போட்டேன். மொபிலிட்டி 10-ன் மைனஸ் 4 னு வச்சா, 200 நானோமீட்டர்ல 4 வோல்ட்டுக்கு சதுர சென்டிமீட்டருக்கு 60 மில்லிஆம்பியர் ஓடணும். எனக்கு ஓடுனது 2.

சீனியர் அக்காகிட்ட கர்வைக் காட்டுனேன். ஸ்லோப்பைப் பாக்கவே இல்ல அவங்க. "தடிமனை மாத்திப் பாத்தியா?" ன்னு மட்டும் கேட்டாங்க. "இல்லக்கா" ன்னேன். "அப்ப இது மொபிலிட்டின்னு எப்படிச் சொல்ற?"

ஜூன் 5

100, 300 நானோமீட்டர் ரெண்டும் போட்டு, மூணு கர்வையும் ஒரே படத்துல வச்சேன். ஆனா எக்ஸ் அச்சுல வோல்டேஜ் இல்ல, வோல்டேஜை தடிமனால வகுத்து ஃபீல்டு. மூணும் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே படிஞ்சு உக்காந்துருச்சு.

இதுக்கு என்ன அர்த்தம்னா, கரண்டை முடிவு பண்றது படலம் இல்ல, வாசல், அதாவது ஐடிஓவும் என்பிபியும் தொடுற இடம். உள்ள இருக்குற சார்ஜே கரண்டைக் கட்டுப்படுத்துச்சுன்னா ஒரே வோல்டேஜ்ல தடிமன் ரெண்டு மடங்கானா கரண்ட் எட்டுல ஒண்ணாகணும், ஏன்னா விதியில தடிமனோட கனம் கீழ இருக்கு. என் டிவைஸ்ல அது நடக்கல, வாசல்ல இருக்குற ஃபீல்டு எவ்வளவோ அவ்வளவு ஹோல்தான் உள்ள போகுது, உள்ள எவ்வளவு தூரம் நடந்தாலும் நடக்க ஆளே இல்ல. ஸ்லோப் 2 தற்செயலா வந்தது. தடையைத் தாண்டி வர்ற கரண்டும் வோல்டேஜோட வளைஞ்சு வளைஞ்சு ஏறும், ஏதோ ஒரு இடத்துல 2 மாதிரி தெரியத்தான் செய்யும்.

ஜூன் 6

லீவு நாள், ஆனா இதையேதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். ஹோல் உள்ள போகுதுன்னு வாய் நெறயச் சொல்றோம், உண்மையில எதுவும் உள்ள போறதில்ல. ஓரத்துல இருக்குற என்பிபி மூலக்கூறு ஒண்ணு தன்னோட எலக்ட்ரானை எலக்ட்ரோடுக்குக் குடுக்குது, அவ்வளவுதான். அப்புறம் பக்கத்து மூலக்கூறு அதுக்குக் குடுக்குது, அதுக்கு அடுத்தது குடுக்குது. அந்த முதல் கொடுக்கல்தான் சிக்கல். என்பிபியோட ஹோமோ (எலக்ட்ரான் நிறைஞ்ச மட்டங்கள்ல எல்லாத்துக்கும் மேல இருக்குறது) 5.4 எலக்ட்ரான் வோல்ட் ஆழத்துல இருக்கு, ஐடிஓவோட ஒர்க் ஃபங்ஷன் (எலக்ட்ரானை வெளிய எடுக்கத் தேவையான ஆற்றல்) 4.7 பக்கம். ஓசோன் குடுத்தா 5 கிட்ட ஏறும், ஆனா நான் ஓசோன் குடுத்துட்டு கண்ணாடியை ரெண்டு நாள் டப்பாவுல வச்சிருந்தேன், அதுக்குள்ள இறங்கியிருக்கும். அரை எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல தடை, அறை வெப்பத்துல கிடைக்கிறதோ 0.025.

சரி தங்கம் வச்சா தீர்ந்துருமேன்னு தோணும். சுத்தமான தங்கம் 5-க்கு மேல இருக்குதான். ஆனா மூலக்கூறு வந்து ஒட்டுனதும் உலோகப் பரப்புக்கு வெளிய நீண்டுக்கிட்டிருந்த எலக்ட்ரான் மேகத்தை உள்ள அமுக்கிடுது, ஒர்க் ஃபங்ஷன் அரை எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கே இறங்கிடும். தனித்தனியா அளந்த ரெண்டு நம்பரைக் கழிச்சு தடை இவ்வளவுன்னு சொல்ல முடியாதது அதனாலதான்.

இந்தக் கஷ்டம் ஒண்ணும் புதுசு இல்ல. 1960-ல கால்மனும் மார்ட்டின் போப்பும் ஆந்த்ரசீன்ங்கிற ஆர்கானிக் கிரிஸ்டலுக்குள்ள ஹோல் செலுத்த உலோகத்தை நம்பாம அயோடின் கரைசலையே காண்டாக்டா வச்சாங்க. அதை நினைச்சா இப்பவும் எனக்குச் சிலிர்க்குது.

ஜூன் 9

வாசலைச் சரிபண்ண மாலிப்டினம் ஆக்சைடு. ஐடிஓ மேல 5 நானோமீட்டர், அப்புறம் வேக்குவம் உடைக்காமலே என்பிபி, மேலயும் 5 நானோமீட்டர் ஆக்சைடு, கடைசியா அலுமினியம். படகுல (பொருளைச் சூடாக்கி ஆவியாக்குற தட்டு) போடும்போது பவுடர் வெளுப்பா இருந்துச்சு, சேம்பரைத் திறந்தப்போ மிச்சம் கருநீலமாகி ஒட்டிக்கிட்டு கிடந்துச்சு, ஆக்சிஜனைக் கொஞ்சம் இழந்திருக்கு.

இதோட ஒர்க் ஃபங்ஷன் வேக்குவத்துல 6.7 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல, காத்து பட்டா ஒரேயடியா இறங்கிடும். அதான் வேக்குவம் உடைக்கல. ஒரு காலத்துல இது ஹோலைக் கடத்துற பொருள்னு நினைச்சாங்க, 2009-ல வந்த போட்டோஎமிஷன் (ஒளி பட்டு வெளிய வர்ற எலக்ட்ரானை அளக்குறது) அளவீடுகள்தான் இது எலக்ட்ரானைக் கடத்துறதுன்னு காட்டுச்சு. அதோட காலி நிலைகள் என்பிபியோட ஹோமோவை விட கீழ கிடக்கு, அதனால எலக்ட்ரான் தானாவே சரிஞ்சு இறங்கிடுது, ஹோல் அந்தப் பக்கம் தங்கிடுது.

ஜூன் 11

4 வோல்ட்டுக்கு சதுர சென்டிமீட்டருக்கு 130 மில்லிஆம்பியர்! 2 இருந்த இடத்துல 130. கை நடுங்குச்சு. ஆனா இந்த தடவை ஃபிட் பண்ணல, முதல்ல தடிமன். 2 வோல்ட்ல 200-க்கும் 300-க்கும் 3.5 மடங்கு வித்தியாசம், விதி சொல்றது 3.4. 100-க்கும் 200-க்கும் எட்டு வரணும், ஆறரைதான் வந்துச்சு. அது ஐடிஓ பட்டையோட ரெசிஸ்டன்ஸ், மொத்தமா 11 மில்லிஆம்பியர் ஓடும்போது 20 ஓம்ல 0.2 வோல்ட் அங்கேயே போயிடுது, திருத்திப் போட்டா எட்டுகிட்ட வந்துருச்சு. போலாரிட்டியைத் திருப்பி அளந்தேன், ரெண்டு பக்கமும் ஒரே கர்வ். மொபிலிட்டி 2 பெருக்கல் 10-ன் மைனஸ் 4.

ஜூன் 12

கிரையோஸ்டாட்ல (குளிர வைக்கிற கருவி) வச்சு 250 கெல்வின் வரைக்கும் இறக்குனேன், கரண்ட் பத்து மடங்குக்கு மேல விழுந்துச்சு. இது எதிர்பார்த்ததுதான், படலத்துக்குள்ள ஹோல் தங்குற நிலைகள் எல்லாம் ஒரே ஆற்றல் மட்டத்துல இல்ல, ஆத்துல மேடும் பள்ளமுமா கிடக்குற கல்லு மேல தாவிப் போற மாதிரி. மேடுபள்ளத்தோட அகலம் 0.1 எலக்ட்ரான் வோல்ட்னா ஹோல்கள் நடுமட்டத்துக்கு 0.4 கிட்ட கீழ போய்த் தேங்கும், அங்கருந்து ஏறி வர்றதுக்கு வெப்பம்தான் கைகொடுக்கணும். இப்ப இந்த இறக்கத்தை நம்பி அந்த அகலத்தைக் கணக்குப் போடலாம். பழைய டிவைஸ்ல இதே சோதனையைப் பண்ணியிருந்தாலும் கரண்ட் விழுந்திருக்கும், நான் வாசல்ல இருக்குற தடையை அளந்துட்டு மேடுபள்ளம்னு எழுதியிருப்பேன்.

சிமுலேஷன் பண்றவருக்கு மெயில் போட்டுட்டேன், பழைய மூணு கர்வும் புது மூணு கர்வும் சேத்து, எது ஏன் தப்புன்னு முழுசா எழுதி. அவர் அந்த நம்பரை வச்சு ஆறு நாள் ரன் பண்ணியிருக்காரு. "திங்கக்கிழமை மறுபடி ஆரம்பிக்கிறேன், 250 கெல்வின் டேட்டாவும் அனுப்புங்க" ன்னு பதில் வந்துச்சு. 200 கெல்வின் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.