வாய் கோணினால் எந்த ரத்தப் பரிசோதனை?

பக்கவாதத்தில் வாய் கோணி, கை விழுந்தால் காரைக்குடிப் பக்கம் முதல் கேள்வி: "பிளட் டெஸ்ட்லயே தெரிஞ்சிடாதா?" தெரியாது. மூளை ரத்தக்குழாயில் அடைப்பா, கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். அடைப்பான ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குக் கெடு, அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம். மதுரையோ சுமார் 90 கிலோமீட்டர். ஊசிக்கு முன் கட்டாயம் பார்ப்பது சர்க்கரை. அது 50 மில்லிகிராமுக்குக் கீழே போனாலும் பக்கவாதம் போலவே கை விழலாம்.

பாதிப்பின் அளவைக் காட்டுவது நியூரோஃபிலமென்ட் லைட் என்ற நரம்பிழைப் புரதம். நரம்பிழை சிதையச் சிதைய அது ரத்தத்தில் கசியும். உச்சம் தொட வாரங்கள் ஆகும். முதுமையும் சிறுநீரகக் கோளாறும்கூட அதை ஏற்றிவிடும்.

நரம்பணுவில் உள்ள என்.எஸ்.இ. என்ற நொதி இன்னும் வம்பு. சிவப்பணுவிலும் அது உண்டு. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்து, குழாயைக் குலுக்கி, சிவப்பணு உடைந்து சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) இளஞ்சிவப்பானால் எண் பொய்யாக ஏறும். மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

கைக்குப் பலம் திரும்புமா? என்னைக் கேட்டால், 3 நாளுக்குள் விரலை நீட்ட, தோளைத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள்.